மண்ணை வரையும் பெண்கள்: ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்போர்ன் கலைக்கூடத்தில் ஒரு கிழவி வரைந்த எட்டு மீட்டர் நீள ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்த நாளிலிருந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், படித்தும் பார்த்தும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இவற்றை வரையும் பூர்வகுடிப் பெண்கள் வெளியாருக்குச் சொல்லலாம் என்று தீர்மானித்ததை மட்டும்தான் நாம் அறிய முடியும். மற்றது அவர்களுடையது.

"கன்ட்ரி" என்று அவர்கள் சொல்வது தேசத்தையா?

இல்லை. அரசாங்கமோ கொடியோ அதில் இல்லை. ஒரு குடும்பம் வழிவழியாகப் பொறுப்பேற்றிருக்கும் ஓர் இடம் அது. அங்குள்ள நீர்ச்சுனை, பாறை, மணல்மேடு, செடி, பல்லி, மழை, அந்த இடத்தை உண்டாக்கிய மூதாதைகள், அவர்களைப் பாடும் பாட்டு, அங்கே பிறந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் கன்ட்ரி. வடகரையில் வாழும் மக்களுக்குக் கடலும் கன்ட்ரிதான்.

தமிழில் "மண்" என்ற சொல்தான் இதற்குக் கிட்டத்தில் வருகிறது. "எங்க மண்ணு" என்று நாம் சொல்லும்போது காலில் ஒட்டும் மண்ணை மட்டும் சொல்வதில்லையே. அதனால் இனி மண் என்றே எழுதுகிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வழக்கில் மண் மனிதருக்குச் சொந்தம் என்பதைவிட மனிதர் மண்ணுக்குச் சொந்தம் என்பதே அழுத்தமாக வரும். அந்த மண்ணைப் பாட வேண்டும், அதற்குத் தீ மூட்டிக் கொடுக்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும். போகாமல் விட்டால் மண் வாடிப்போகும் என்பார்கள்.

அப்படியானால் இவை நிலக்காட்சி ஓவியங்களா? வரைபடங்களா?

இரண்டிலும் கொஞ்சம் உண்டு, ஆனால் இரண்டுமே போதாது. பாலைவனப் பகுதி ஓவியங்களில் தொடுவானம் இருக்காது. துணியைத் தரையில் விரித்து, சுற்றிலும் உட்கார்ந்து, சில சமயம் அதன் மேலேயே உட்கார்ந்து வரைகிறார்கள். அதனால் மேல், கீழ் என்று திசை கிடையாது. ஒன்றுக்குள் ஒன்றாக வரும் வட்டங்கள் நீர்ச்சுனையாகவோ தங்குமிடமாகவோ இருக்கலாம். ஆங்கில 'யு' எழுத்துபோல ஒரு வளைவு என்றால் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பக்கத்தில் நீளமாகத் தோண்டுகோலும் முட்டை வடிவில் மரத்தட்டும் இருந்தால் அது பெண்.

இந்த அடையாளங்களை அகராதிபோல மனப்பாடம் செய்துகொண்டு போய் ஓவியத்தைப் "படிக்க" முயலாதீர்கள். அதே வட்டம் இன்னொரு படத்தில் அடுப்பாகவோ கிழங்காகவோ இருக்கும். எது என்பது வரைகிறவருக்கும் அந்தக் கதைக்கு உரியவர்களுக்கும்தான் தெரியும்.

1971இல் பப்புன்யாவில் ஆண்கள்தானே இதைத் தொடங்கினார்கள்? பெண்கள் பின்னால் வந்தவர்கள்தானே?

கேன்வாஸ் என்று பார்த்தால் அது சரி. நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே பப்புன்யா குடியிருப்பில் 1971இல் ஆண்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். அப்புறம் பலகைகளில் வரைந்தார்கள், 1972இல் சொந்தமாக ஒரு நிறுவனமும் தொடங்கினார்கள். மனைவியரும் மகள்களும் பல ஆண்டுகள் அவர்களுக்குப் பின்னணிப் புள்ளிகள் வைத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் பெண்களின் ஓவியம் கேன்வாஸுக்கு முன்பே இருந்தது. முதலில் உடம்பில். வால்பிரி மக்கள் யவுல்யு என்றும், அன்மட்யேர் மக்கள் அவெல்ய என்றும் சொல்லும் பெண்கள் சடங்கில், மார்பிலும் தோளிலும் கொழுப்பைத் தடவி, செங்காவி, மஞ்சள், வெள்ளை மண்ணால் கோடுகள் இழுப்பார்கள். இழுக்கும்போதே அந்தக் கோட்டுக்குரிய இடத்தைப் பாடுவார்கள். பாட்டில்லாமல் கோடு கிடையாது. அடுத்து மணலில். பாட்டி கதை சொல்லும்போது விரலால் மணலில் கோடு போட்டு, இலைகளை ஆட்களாக நிறுத்தி, காட்சி முடிந்ததும் கையால் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவாள்.

அதற்குப் பின் துணி வந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் வடகிழக்கே யுட்டோப்பியா என்ற பகுதியில் 1977இல் பெண்களுக்குப் பாடிக் என்னும் மெழுகுச் சாயக்கலை அறிமுகமானது. சூடான மெழுகை வைத்து, உடம்பில் இழுத்த அதே கோடுகளைப் பட்டுத்துணியில் இழுத்தார்கள். அங்கே கேன்வாஸ் 1988 கோடையில்தான் வந்தது. வால்பிரி மக்களின் யூண்டுமு குடியிருப்பில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெண்கள் வரைந்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் அப்போது காசு சேர்த்தது டொயோட்டா வண்டி ஒன்று வாங்க. தொலைவில் இருக்கும் தங்கள் மண்ணுக்குப் போய் வர அவர்களுக்கு வண்டி தேவைப்பட்டது. மண்ணை வரைந்து, அந்தப் பணத்தில் மண்ணைப் பார்க்கப் போவது! இந்த ஒரு செய்தி எனக்குப் பல கட்டுரைகளைவிட அதிகம் சொல்லியிருக்கிறது.

எமிலி என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறதே, யார் அவர்?

எமிலி காமே ங்வாரே. (நம் 'ங' சொல்லுக்கு முதலெழுத்தாக வரும் பெயரைத் தமிழில் எழுதக் கிடைத்ததே எனக்கு ஒரு மகிழ்ச்சி.) சுமார் 1910இல் அல்ஹல்கேரே என்னும் இடத்தில் பிறந்தவர், அன்மட்யேர் இனம். அந்த இடத்தில் நடுவில் துளையுள்ள ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாறையோடு உள்ள உறவுக்கு அடையாளமாக அவர் மூக்கும் துளையிடப்பட்டிருந்தது. முகத்திலேயே தன் மண்ணைச் சுமந்தவர்.

பெரிய சடங்குகளில் தலைமை தாங்கிய மூதாட்டியாக, பாடிக் செய்தவராக இருந்து, 80 வயதை நெருங்கும்போதுதான் முதல் கேன்வாஸைத் தொட்டார். 1996இல் இறப்பதற்குள், எட்டே ஆண்டுகளில், சுமார் 3,000 ஓவியங்கள் வரைந்தார் என்று கணக்கிடுகிறார்கள். எதை வரைகிறீர்கள் என்று கேட்டால், "எல்லாவற்றையும்" என்பதுதான் அவர் பதிலின் சாரம். அந்த "எல்லாம்" என்ன என்று பட்டியலும் போடுவார்: அவெல்ய, கிழங்கு, முள்பல்லி, புல்விதை, ஈமு, ஈமு தின்னும் செடி.

அவர் பெயரிலுள்ள "காமே" என்பது ஒரு கிழங்குக் கொடியின் விதையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் பென்சில் யாம் என்பார்கள். அதை நம் வள்ளிக்கிழங்கு என்று நினைத்துவிடாதீர்கள். தாவரவியலில் அது உளுந்தும் பாசிப்பயறும் இருக்கும் அதே விக்னா பேரினம். மண்ணுக்கு மேலே பயற்றுக்கொடி, கீழே விரல் போன்ற கிழங்கு. கிழங்கு பருக்கும்போது மேலே தரை வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் பெண்கள் தோண்டுவார்கள்.

நான் மெல்போர்னில் பார்த்தது 1995இல் அவர் வரைந்த "பெரிய கிழங்குக் கனவு". இங்கே கனவு என்பது தூக்கத்தில் வருவதல்ல, மூதாதைகள் மண்ணை உண்டாக்கிய கதை. ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம். கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடு மட்டும், முறுக்கிப் பின்னி, எங்கும் நிற்காமல் ஓடுகிறது. அது வேரா, தரையின் வெடிப்பா, மார்பில் இழுக்கும் கோடா என்று கேட்டால் மூன்றும்தான். கேன்வாஸின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அவ்வளவு பெரிய துணியில் ஒரு கோடு கூடத் தயங்கவில்லை.

1994இல் அவர் வரைந்த இன்னொரு ஓவியம் 2007இல் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனது. அதே படம் 2017இல் 21 லட்சத்துக்குப் போனது. அவருடைய பெயர் செய்தித்தாள்களில் பெரும்பாலும் இந்த விலையோடுதான் வரும். எனக்கு அந்த மூக்குத் துளைதான் நினைவில் நிற்கிறது.

ஏன் புள்ளி புள்ளியாக வரைகிறார்கள்?

சடங்கில் தரையிலும் உடம்பிலும் புள்ளி வைப்பது பழைய வழக்கம். 1970களில் பப்புன்யா ஓவியங்கள் வெளியூர்களில் காட்சிக்குப் போனபோது, பிறர் பார்க்கக் கூடாத சடங்குக் குறிகள் அவற்றில் இருப்பதாகப் பக்கத்துக் குழுக்கள் கோபப்பட்டன. அதன்பின் புள்ளிகள் பெருகின. மறைக்க வேண்டியதை மறைக்க அவை உதவின. ஆனால் புள்ளி பாலைவனத்தின் வழக்கம் மட்டுமே. வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் மரப்பட்டையில், மனிதத் தலைமுடியால் செய்த மெல்லிய தூரிகையால் குறுக்குக் கோடுகள் இழைப்பார்கள். வடமேற்கே கிம்பர்லி பகுதியில் காவியைப் பரப்பாகப் பூசுவார்கள். பூர்வகுடி ஓவியம் என்றாலே புள்ளி என்பது நினைவுப்பொருள் கடைகள் உண்டாக்கிய எண்ணம்.

யார் வேண்டுமானாலும் எந்தக் கதையையும் வரையலாமா?

கூடாது, இதில் மிகக் கண்டிப்பானவர்கள். கதை இடத்துக்கு உரியது, இடம் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியது. வால்பிரி வழக்கில் தந்தை வழியில் ஓர் இடத்துக்கு உரியவர் கிர்டா, தாய் வழியில் உரியவர் குர்டுங்குர்லு. கிர்டா வரைவார். சரியாக வரைகிறாரா என்று குர்டுங்குர்லு கவனிப்பார், தவறினால் திருத்துவார். கையெழுத்து ஒருவருடையதாக இருந்தாலும் பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது.

1994இல் ஆஸ்திரேலியாவின் மத்திய நீதிமன்றம் தீர்த்த கம்பள வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்ன்ஹெம் லேண்டின் யோல்ங்கு மக்களைச் சேர்ந்த ஓவியர் பாண்டுக் மரிகா உள்ளிட்ட பலரின் படைப்புகளை அனுமதியில்லாமல் பிரதியெடுத்து, வியட்நாமில் கம்பளமாக நெய்து விற்றார்கள். பாண்டுக்கின் அச்சோவியம் அவருடைய குலத்தின் புனித நீர்ச்சுனையைப் பற்றியது. அதை ஜனங்கள் காலால் மிதித்து நடக்கும் பொருளாக்கிவிட்டார்கள். குலத்தாரிடம் பதில் சொல்ல வேண்டியவர், திருடியவர்கள் அல்ல, அவர்தான். ஓவியர்கள் வழக்கில் வென்றார்கள். நட்ட ஈட்டைக் கணக்கிடும்போது, சொந்தச் சமூகத்தில் அவர்களுக்கு நேர்ந்த மனவேதனையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

நபனாங்கா, நுங்குராயி என்று பல ஓவியர்களுக்கு ஒரே கடைசிப் பெயர். சொந்தக்காரர்களா?

குடும்பப் பெயரல்ல, உறவு முறைப் பிரிவின் பெயர். யார் யாருக்கு அக்கா, யார் மாமியார், யாரை மணக்கலாம் என்பதை அது சொல்லிவிடும். வால்பிரி, பின்டுபி மக்களிடம் 'ந' என்று தொடங்கினால் பெண். முறை தெரிந்துதான் பேச்சைத் தொடங்குவது நமக்குப் புதிதல்லவே.

ஓவியத்தை நிலத்துக்குச் சான்றாகக் காட்டியது உண்மையா?

உண்மை. யுட்டோப்பியாவில் 1970களின் இறுதியில் நில உரிமை விசாரணை நடந்தபோது, பெண்கள் அவெல்ய சடங்கையே செய்து காட்டித் தங்கள் உரிமையை விளக்கினார்கள். நிலம் கிடைத்தது.

அதைவிடப் பெரிய நிகழ்வு மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் நடந்தது. அங்குள்ள மக்களுக்குத் தங்கள் மண்ணைச் சட்ட ஆங்கிலத்தில் விளக்க முடியவில்லை. 1997இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் பிர்னினி என்ற இடத்தில் கூடி, 8 மீட்டருக்கு 10 மீட்டர் கேன்வாஸில் அவரவர் நீர்ச்சுனையை அவரவர் வரைந்தார்கள். நில உரிமையை விசாரிக்கும் தீர்ப்பாயத்தினர் வந்தபோது ஒவ்வொருவரும் தாம் வரைந்த பகுதியின் மேல் போய் நின்று, தம் மொழியில் அந்த இடத்தைப் பற்றிப் பேசினார்கள். அதன் பெயர் ங்குராரா கேன்வாஸ். பத்து ஆண்டு கழித்து, 2007 நவம்பரில், சுமார் 77,000 சதுர கிலோமீட்டருக்கு உரிமை உறுதியானது. இலங்கைத் தீவைவிடப் பெரிய நிலம்.

மண்ணை விட்டு அகற்றப்பட்டவர்கள் எதை வரைவார்கள்?

சாலி கபோரியைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. முழுப்பெயர் மிர்டிடிங்கிங்காத்தி ஜுவார்ண்டா சாலி கபோரி. முதல் சொல்லுக்கு மிர்டிடிங்கியில் பிறந்தவள் என்று பொருள், இரண்டாவது சொல் அவருடைய குலச்சின்னமான ஓங்கிலைக் குறிக்கும். பிறந்த கடலோரம் பெயரிலேயே இருக்கிறது.

கார்பென்டாரியா வளைகுடாவில் பென்டிங்க் என்ற சிறிய தீவு. கையாடில்ட் மக்கள் அங்கே கல்லடுக்கி மீன் வளைப்புகள் கட்டி வாழ்ந்தார்கள். வறட்சி வந்தது, பின்னாலேயே கடல் பொங்கி நன்னீர்க் கிணறுகள் உப்பாயின. 1948இல் கிறித்துவ மிஷன் அவர்களைப் பக்கத்து மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோனது. சாலிக்கு அப்போது 24 வயது இருக்கலாம். பல பதிற்றாண்டுகள் அவர்களால் ஊர் திரும்ப முடியவில்லை.

2005இல், 80 வயதைத் தாண்டிய பிறகு, மார்னிங்டன் கலை மையத்தில் முதன்முதலாகத் தூரிகை எடுத்தார். அவர் மக்களிடம் இப்படி வரையும் மரபே இல்லை, பார்த்துப் பழக ஒரு பழைய படமும் இல்லை. ஆனாலும் நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பெரிய பெரிய நிறப் பரப்புகளாக, அப்பாவின் இடம், கணவரின் இடம், மீன் வளைப்பு, உப்புத்தரை என்று வரைந்துகொண்டே போனார். 2015இல் இறப்பதற்குள் 2,000க்கும் மேல். அந்தப் படங்களைச் சிலர் ஐரோப்பிய நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு மெச்சுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைப்பைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஓர் இடத்தின் பெயர். அறுபது ஆண்டுகளாக மனத்தில் நடந்து திரிந்த கரையை அவர் மறுபடி ஒருமுறை நடக்கிறார்.

ஓவியத்தில் நிலத்தைப் பேணும் அறிவும் இருக்கிறதா?

நிறைய. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் மார்டு பெண்கள் எட்டுப்பேர் 2013இல் பார்ன்ங்கர் என்ற ஊரில் சேர்ந்து வரைந்த "யர்கல்பா" (வேட்டை நிலம்) ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வண்ணத் திட்டுகள். அவற்றில் தீயின் வயது இருக்கிறது. இப்போதுதான் எரிந்த தரைக்கு ந்யூர்ன்மா என்று பெயர், புதுத்தளிர் விட்ட தரைக்கு வாரு வாரு, இன்னும் முதிர்ந்ததற்கு வேறு பெயர்கள். பெண்கள் உடும்பு வேட்டைக்காகச் சிறுசிறு தீ மூட்டுவார்கள். அப்படி எரிந்தும் தளிர்த்தும் நிலம் திட்டுத்திட்டாக இருப்பதால் பெருந்தீ பரவ வழியில்லாமல் போகிறது.

ஏழு சகோதரிகள் கதை என்ன?

பாலைவனம் முழுக்கப் பெண்கள் திரும்பத் திரும்ப வரையும் கதை. ஏழு பெண்கள் ஓடுகிறார்கள், உருமாறும் வல்லமையுள்ள ஒருவன் அவர்களை அடையத் துரத்துகிறான். அக்காமார் தங்கைகளைக் காக்கிறார்கள். ஓடிய வழியில் குகைகளும் சுனைகளும் உண்டாகின்றன, கடைசியில் வானேறி விண்மீன் கூட்டமாகிறார்கள். அது நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே கூட்டம். கதையோடு சேர்ந்து எங்கே தண்ணீர் இருக்கிறது, அடுத்த சுனை எந்தப் பக்கம் என்பதும் பாட்டில் நிற்கிறது. கென் குடும்பச் சகோதரிகள் இதை வரைந்து 2016இல் நிலக்காட்சிக்கான வின் பரிசை வென்றார்கள்.

எல்லா ஓவியமும் பழங்கதைதானா?

இல்லை. ஆர்ன்ஹெம் லேண்டில் யிர்கலா என்ற ஊரின் ந்யபன்யபா யுனுபிங்கு, தன்னை எருமை முட்டித் தூக்கிய நாளை வரைந்தவர். குலக்குறி எதுவும் இல்லாமல், கோடு போடும் இன்பத்துக்காகவே வரைந்தவையும் உண்டு. அவற்றை "மயிலிமிரியு" என்றார்கள், அர்த்தமில்லாதது என்று பொருள். ஆனாலும் மரப்பட்டையும் தூரிகையும் அந்த மண்ணிலிருந்து வந்தவைதாம்.

பணம் யாருக்குப் போகிறது? நான் ஒன்று வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், யாரிடம் என்பதுதான் முக்கியம். யூண்டுமுவின் வார்லுகுர்லாங்கு, பப்புன்யா டூலா போன்ற மையங்கள் ஓவியர்களுக்கே சொந்தமானவை. அங்கே வரைந்தவர், இடம், கதை எல்லாம் எழுதிய சான்றிதழ் தருவார்கள். விமான நிலையக் கடையில் ஓவியர் பெயரே இல்லாத புள்ளிப் பூமராங்கைத் தவிர்த்துவிடுங்கள். நினைவுப்பொருள்களில் பாதிக்கும் மேல் போலி என்று ஆஸ்திரேலிய அரசின் ஆணையம் ஒன்றே 2022இல் கண்டறிந்தது. 2010 முதல், 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ மறுவிற்பனையானால் ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் போக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்குப் பாலைவனத்தின் பின்டுபி மக்களில் சிறுநீரக நோய் அதிகம். டயாலிசிஸ் வேண்டுமென்றால் முன்பு 500 கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்த் தங்க வேண்டியிருந்தது. அப்படிப் போனவர்கள் மண்ணைப் பிரிந்து அங்கேயே இறந்தார்கள். 2000 நவம்பரில் கின்டோர், கிவிர்குரா ஊர்களின் ஆண்களும் பெண்களும் தனித்தனியே பெரிய ஓவியங்கள் வரைந்து சிட்னியில் ஏலம் விட்டார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதை வைத்துத்தான் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

என் பிள்ளை பள்ளியில் புள்ளி ஓவியம் போடுகிறாள். தப்பா?

குழந்தையைத் திட்ட வேண்டாம். ஆனால் ஓர் ஓவியரின் படத்தை அப்படியே பார்த்து வரையச் சொல்வது சரியல்ல. அது ஒருவருடைய மண், ஒருவருடைய பாட்டு. அதற்குப் பதிலாக எமிலியைப் பற்றிச் சொல்லுங்கள், அப்புறம் பிள்ளைக்குத் தெரிந்த இடத்தை, தாத்தா வீட்டுக் கிணற்றையோ தெருமுனை வேம்பையோ, தரையில் தாளை விரித்து மேலிருந்து பார்ப்பதுபோல அவள் கைப்படியே வரையச் சொல்லுங்கள்.

காட்சியகங்களில் "இறந்தவர்களின் பெயர்கள் இடம்பெறும்" என்று எச்சரிக்கிறார்களே, ஏன்?

பல சமூகங்களில் ஒருவர் இறந்தால் துக்கக் காலம் முடியும்வரை அவர் பெயரைச் சொல்வதில்லை, படத்தைக் காட்டுவதில்லை. அதே பெயருள்ள வேறு ஒருவரைக்கூட மத்திய பாலைவனத்தில் "குமன்ஜாயி" என்ற மாற்றுப்பெயரால்தான் அழைப்பார்கள். குடும்பத்தார் இசைந்த பிறகே பெயர் மறுபடி வெளியே வரும். இந்தப் பக்கத்தில் நான் எழுதிய சில பெயர்களுக்கு உரியவர்களும் இப்போது இல்லை. அவர்களுடைய பெயர்கள் கலைக்கூடங்களில் வெளிப்படையாக வழங்குவதால் மட்டுமே எழுதியிருக்கிறேன்.